மூணு போட்டு, கையிலே ஒண்ணு

இசைத்தட்டு, கேசட், சி.டி. மூன்றையும் பார்த்துவிட்ட நம் வயதுக்காரர்கள் பலர், டிஜிட்டல் ஒலிப்பதிவு என்றால் சத்தத்தை எண்களாக மாற்றிச் சேமித்து வைப்பது, அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். சேமிப்பது ரெக்கார்டு ரூமில் ஃபைல் அடுக்குவது போலத்தான். கஷ்டமெல்லாம் மிக்சிங்கில் இருக்கிறது. குரல், வயலின், தபலா, கோரஸ் என்று தனித்தனி டிராக்குகளாகப் பதிந்ததை, ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து ஒரே பாட்டாக்கும் வேலை அது.

அந்த வேலை முழுக்கப் பெருக்கலும் கூட்டலும்தான். சி.டி. தரத்தில் ஒரு டிராக்குக்கு விநாடிக்கு 44,100 எண்கள். சத்தத்தைக் குறைக்க ஒவ்வோர் எண்ணையும் ஒரு பின்னத்தால் பெருக்க வேண்டும். பாஸ், ட்ரெபிள் திருத்தும் ஈக்வலைசருக்கு ஒரு பட்டைக்கு வழக்கமாக 5 பெருக்கல். நான்கு பட்டைக்கு 20. வால்யூமையும் சேர்த்து 24 டிராக்குக்குத் தாளில் போட்டுப் பார்த்தேன்: விநாடிக்கு 2 கோடியே 22 லட்சம் பெருக்கல்கள்! மண்டபத்தில் பாடுவது போன்ற எதிரொலி இதில் சேரவில்லை.

ஆபீசில் டோட்டல் ஒத்துவராவிட்டால் மறுநாள் காலை வந்து பார்த்துக்கொள்ளலாம். இங்கே அடுத்த எண் வருவதற்குள் கணக்கை மூடியாக வேண்டும். தாமதித்தால் பாட்டு நடுவில் 'டக்' என்று கேட்கும்.

1980களின் மேசைக் கணினிகளுக்கு இந்த வேகம் கிடையாது. அதற்கென்றே தனி இயந்திரம் கட்டியவர்களில் பாரிஸில் உள்ள இர்காம் நிலையத்தார் முக்கியமானவர்கள். பொம்பிடூ மையத்தின் பக்கத்தில், பெரும்பகுதி தரைக்கு அடியில் இருக்கும் இசை ஆய்வுக்கூடம் அது. இத்தாலிய இயற்பியலாளர் ஜியுசெப்பே தி ஜூன்யோ அங்கே உருவாக்கிய '4எக்ஸ்' இயந்திரம், இசைக்கலைஞர் வாசிக்கும்போதே அந்த ஒலியை மாற்றி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பியது. 1981இல் முதலில் அரங்கேறிய பியேர் பூலேஸின் 'ரெபோன்' என்ற படைப்புக்கு உதவியது இதுதான். ஆனால் அது ஆய்வுக்கூடத்துச் சாமான். சாதாரண ஸ்டுடியோ அதை நினைத்தும் பார்க்க முடியாது.

நிலைமையை மாற்றியது மோட்டரோலாவின் 56000 வரிசைச் சிப். பெருக்கி, விடையைப் பழைய தொகையோடு கூட்டுவதை ஒரே கட்டளையில் முடிக்கும். எனக்குப் பிடித்தது அதற்குள் இருந்த ஓர் ஏற்பாடு. பாண்டிச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் கூட்டல் போடும்போது, 'ழெ போஸ் த்ருவா, ழெ ரெத்தியேன் அன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம் வீட்டில் சொன்ன 'மூணு போட்டு, கையிலே ஒண்ணு'தான் அது. 24 பிட் எண்கள் இரண்டைப் பெருக்கினால் 48 பிட். இந்தச் சிப்போ தொகைக்கு 56 பிட் இடம் வைத்தது. கூடுதல் 8 பிட், 'கையிலே' வைப்பதற்கு! பல டிராக்குகளைக் கூட்டும்போது தொகை பொங்கி வழியாமல் காத்தது அந்தச் சின்ன இடம்தான்.

தொடக்கத்தில் வந்த 56001 சிப் விநாடிக்குச் சுமார் ஒரு கோடிக் கட்டளைதான் செய்யும். மேலே போட்ட கணக்குக்கு இரண்டு சிப்பே போதாது. அதனால்தான் 1991இல் நான்கு டிராக்கோடு வந்த புரோ டூல்ஸ், 1994 வாக்கில் பல சிப்கள் கொண்ட அட்டைகளைக் கணினிக்குள் செருகச் சொன்னது. அந்த அட்டைக்கு 'டிஎஸ்பி ஃபார்ம்' என்று பெயர். பண்ணைதான், மாட்டுக்குப் பதில் சிப்!

பண்ணையிலும் தீனிக்கு அளவு உண்டு. எதிரொலிக்கு ஒரு சிப்பைக் கொடுத்துவிட்டால் கோரஸுக்கு ஈக்வலைசர் இல்லை என்ற நிலை வரும். எதை விடுவது என்று பொறியாளர் முடிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் எதிரொலியோடு சேர்த்தே புது டிராக்காகப் பதிந்து, சிப்பை விடுவிக்க வேண்டும். அப்புறம் பிடிக்கவில்லை என்றால் முதலிலிருந்து எல்லாம். அந்தக் காலத்துப் பாட்டுகளில் சிலவற்றின் ஒலி அப்படி இருப்பதற்கு ரசனை மட்டும் காரணமல்ல, சிப் பற்றாக்குறையும்தான் என்பது என் எண்ணம்.

1996இல் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் கியூபேஸ் விஎஸ்டி, தனி அட்டை இல்லாமல் கணினியின் சொந்தச் செயலியிலேயே மிக்சிங் செய்து காட்டியது. செயலிகளின் வேகம் ஆண்டுதோறும் ஏறியது. இன்று ஒரு மடிக்கணினி அன்றைய பண்ணைகளை எளிதாக மிஞ்சுகிறது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. கணினி எண்களைக் கட்டுக்கட்டாக வாங்கித்தான் கணக்குப் போடும். 1,024 எண்கள் ஒரு கட்டு என்றால், அது சேரவே விநாடியில் 43இல் ஒரு பங்கு ஆகும். ஹெட்போனில் தன் குரலே பின்னால் வந்தால் பாடுபவருக்குத் தாளம் தடுமாறும். பழைய சிப்களுக்கு அந்தத் தாமதம் மிகக் குறைவு. அதனால்தான் இன்றும் சில ஸ்டுடியோ பெட்டிகளுக்குள், பாடுபவரின் காதுக்காக மட்டும், ஒன்றிரண்டு கணக்குச் சிப்கள் உட்கார்ந்திருக்கின்றன.