லிங்கி நதியும் தோட்டத்து மண்ணும்

சிரம்பானை ஒட்டிய மலைச்சரிவுகளில் பிறந்து, ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டங்களூடே இறங்கி, ரெம்பாவ் ஆற்றையும் சேர்த்துக்கொண்டு மலாக்கா நீரிணையில் கலக்கும் லிங்கி நதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங் ஈயத்தைப் படகிலேற்றிக் கடலுக்குக் கொண்டு சென்ற வர்த்தக மார்க்கமாக விளங்கியது. இதில் சுங்கம் வசூலிக்கும் உரிமைக்காகச் சிற்றரசர்கள் போரிட்டனர் என்றால், இன்று சேறு கலங்கி ஓடும் இதனைப் பார்ப்போர் எளிதில் நம்பமாட்டார்கள்.

ஈயச் சுரங்கங்களின் கசடு ஒருபுறமிருக்க, ரப்பர் தோட்டங்களும் நதிக்குச் செய்த தீங்கு சாமானியமன்று. புல்பூண்டு அற்ற வெறுந்தரையே நல்ல தோட்டத்தின் இலட்சணம் என்று ஆரம்ப காலத்துத் துரைமார்கள் கருதியதால், நம் முன்னோர் கூலிக்கு மண்வெட்டி பிடித்து நிரை நிரையாகக் கொத்திச் சுத்தம் செய்தார்கள். ஒரு பெருமழை பெய்து ஓய்ந்தால், பால்மரத்து வேர்கள் சாண் அளவுக்கு வெளியே தெரிய, கால்வாயில் செம்மண் குழம்பு ஓடும். அந்தச் 'சுத்தம்' யாருக்கு இலாபம் தந்தது என்பது வேறு விஷயம்.

பின்னர், 1925-இல் ஸ்தாபிக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் காலத்தில், பியூரேரியா, சென்ட்ரோசீமா போன்ற மூடுபயிர்க் கொடிகளும், சரிவுக்குக் குறுக்கே வெட்டிய படிக்கட்டு வரப்புகளும், வண்டல் தங்கும் குழிகளும் பரவலாயின. கொடியின் இலை மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கிறது. வேர் மண்ணை இறுகப் பற்றுவதோடு தழைச்சத்தையும் சேர்க்கிறது. ஊறிய நீரோ நிலத்தடியில் மெல்லக் கசிந்து, வறட்சிக் காலத்தில் ஆற்றுக்கு வந்து சேர்கிறது.

இந்தக் கசிவின் அருமை 2014 தொடக்கத்தில் புலப்பட்டது. மாதக்கணக்கில் மழை பொய்த்து, நெகிரி செம்பிலானில் குடிநீரைப் பங்கிட்டு விநியோகிக்க நேர்ந்தது. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக விதியாகையால், பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், பொய்க்கும்போது நீடித்துப் பொய்ப்பதும் இனி அபூர்வமாயிரா.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் ஆபத்து மறுநடவின்போதே அதிகம். சுமார் 25 ஆண்டுக்கொருமுறை பழைய மரங்களைச் சாய்த்ததும், சரிவு முழுவதும் ஒரே வேளையில் வெறுமையாகிவிடுகிறது. ஆற்றின் அகலத்துக்கேற்ப 5 முதல் 50 மீட்டர் வரை கரையோரத்தைத் தீண்டாது விட வேண்டுமென்று வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி கூறுகிறது; அந்தக் கரையில் நிற்கும் காட்டுமரம் கம்பெனிக்கு ஒரு குலையும் தராது என்பதே அதன்மீது கண் விழக் காரணம். சரிவைப் பகுதி பகுதியாகப் பிரித்து மறுநடவு செய்வதும், மழை மாதத்துக்கு முன்னரே மூடுபயிர் விதையைத் தூவிவிடுவதும் பெருஞ்செலவு கோருபவையல்ல. கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் ஆற்றுக்கென ஒரு பத்தி ஒதுக்கினால் போதும்.