விட்ருவியஸ் நூலில் அடித்தளச் சீரமைப்பும் தரைவெப்ப அமைப்பும்

முன்னுரை

உரோமானியர் தரையின் கீழ் வெப்பக்காற்றைச் செலுத்திக் குளியலறைகளைச் சூடாக்கிய ஹைப்போகாஸ்ட் முறை, பெரும்பாலும் உலை, புகை, வெப்பம் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதனை முதலில் அமைத்தவர் யார் என்னும் வினாவும் நெடுங்காலமாக விவாதிக்கப்படுகிறது. செர்ஜியஸ் ஒராட்டா என்பவரைப் பிளினி சுட்டுகிறார். ஆயின் அவர் கூறும் ‘தொங்கு குளியல்’ எதனைக் குறிக்கிறது என்பதிலேயே அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வினாவை இக்கட்டுரை தொடவில்லை. வெப்பத்தைத் தாங்கும் தளம் எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பதையே ஆராய்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் இயற்றிய கட்டடக்கலை நூலின் 5ஆம், 7ஆம் பகுதிகள் இதற்கு முதன்மைச் சான்றுகளாகும்.

இரு இயல்கள்

5ஆம் பகுதியின் 10ஆம் இயல் வெப்ப அறையின் கீழ்த்தளத்தை விளக்குகிறது. ஒன்றரை அடி ஓடுகள் உலைவாயை நோக்கிச் சரிவாகப் பரப்பப்படும். உள்ளே எறியும் பந்து தங்காமல் உலைவாய்க்கே உருண்டு திரும்ப வேண்டும் என்பது சரிவுக்கு அவர் தரும் அளவுகோல். அதன்மேல் ஏறத்தாழ 20 செ.மீ. பக்கமுள்ள செங்கற்களால் 2 அடி உயரத் தூண்கள் எழும். தூண்களின்மேல் இரண்டடி ஓடுகள் அமர்ந்து தளத்தைத் தாங்கும். அத்தளம் எத்தகையது என்று இவ்வியல் கூறவில்லை; அதற்கான விதிகள் 7ஆம் பகுதியின் முதல் இயலில்தான் உள்ளன. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே தரைவெப்ப அமைப்பின் கட்டுமான அறிவு முழுமையாகப் புலப்படுகிறது.

கலப்பு அடித்தளம்

7ஆம் பகுதி மூன்று இடர்களைச் சுட்டுகிறது. முதலாவது மண். நிலம் முழுவதுமோ ஒரு பகுதி மட்டுமோ கொட்டி நிரப்பிய மண்ணாயின், அதனை மிகுந்த கவனத்துடன் இடித்து இறுக்க வேண்டும். ‘ஒரு பகுதி’ என்னும் குறிப்பு நோக்கத்தக்கது. இரண்டாவது, மாடித்தளத்தின் கீழுள்ள இடைச்சுவர். மரச்சட்டங்கள் உலர்ந்தோ வளைந்தோ தாழும்; சுவர் தாழாது. ஆகவே சுவர் தளத்தை முட்டி நின்றால் அதன் இருபுறமும் வெடிப்பு தோன்றும். சுவரைத் தளத்தின் அடிவரை உயர்த்தாது இடைவெளி விடுக என்கிறார். மூன்றாவது பலகை. ஓக் மரத்தின் இருவகைகளாகிய எஸ்குலுஸ், குவெர்குஸ் ஆகியவற்றைக் கலக்கலாகாது. பின்னது ஈரமேற்று முறுகித் தளத்தைப் பிளக்கும்.

மூன்றும் ஒரே நெறியின் வெவ்வேறு வடிவங்கள் எனலாம்: வெவ்வேறு அளவில் அசையும் இரு அடித்தளங்களின்மேல் விறைப்பான ஒரே தளத்தை இட்டால், அவை கூடும் இடத்தில் தளம் பிளக்கும். விட்ருவியஸ் இதனைப் பொதுவிதியாக வகுக்கவில்லை. தச்சரும் கொத்தரும் பேசும் பாங்கில் நிகழ்வு நிகழ்வாகச் சொல்லிச் செல்கிறார்.

அடுக்குகளின் அளவுகளும் இவ்வியலிலேயே உள்ளன. கைப்பிடிக்குக் குறையாத கற்கள் அடியில் இடப்படும். அதன்மேல் உடைகல் மூன்று பங்கும் சுண்ணாம்பு ஒரு பங்கும் சேர்ந்த கலவை மரத்திமிசுகளால் அடிக்கப்பட்டு முக்கால் அடித் தடிப்புக்கு, அதாவது சுமார் 22 செ.மீ. அளவுக்கு, குறையாமல் அமையும். அதன்மேல் ஓட்டுத்தூளும் சுண்ணாம்பும் கலந்த சாந்து 11 செ.மீ. அளவில் பூசப்படும், நம் கொத்தனார்கள் சுர்க்கி என வழங்கியதன் உறவினம் அது. மட்டம் பார்த்தபின் சில்லுகளோ கற்பலகைகளோ பதிக்கப்படும்.

இந்நோக்கில் ஹைப்போகாஸ்ட் தூண்வரிசை புதிய பொருள் பெறுகிறது. ஒரே அளவுச் செங்கல், ஒரே அளவு ஓடு, மரம் அறவே இல்லாமை ஆகியன அடித்தளக் கலப்பை நீக்குகின்றன. தூண்களுக்குச் சுண்ணச்சாந்து அன்றி மயிர் கலந்த களிமண்ணையே விட்ருவியஸ் விதிக்கிறார். காரணம் கூறவில்லை எனினும், வெப்பத்தில் இறுகும் களிமண்ணையும் அதன் வெடிப்பைத் தடுக்கும் மயிரையும் அறிந்தே தேர்ந்தார் என்று கொள்ளத் தடையில்லை. அதே இயலில் தொங்கு கூரையோடுகளின் மேற்புற இணைப்புகளுக்குக் களிமண்ணையும், அறையை நோக்கிய கீழ்ப்புறத்துக்கு ஓட்டுத்தூள் சுண்ணாம்பையும் அவர் பிரித்து விதிப்பது இதற்கு அரண் செய்கிறது.

இக்கால ஒப்பீடு

ஒரு பாதி கான்கிரீட்டும் மறுபாதி மரப்பலகையுமான பழைய அறையில் வெப்பக்கம்பி பதித்து ஓடு ஒட்டுவோர் இன்றும் இதே இடரைச் சந்திக்கின்றனர். மரப்பகுதியை விறைப்பாக்கி, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொணர்ந்து, கூடுமிடத்தில் விட்ட அசைவிடைவெளியை ஓட்டின் மேற்பரப்புவரை தொடர்வர். வெப்பக்கம்பியை அவ்விடைவெளிக்குக் குறுக்கே செலுத்தார். ஓட்டுக்கும் அடித்தளத்துக்கும் இடையே இடும் பிரிப்புவிரிப்புக்கு, பலகைமேல் பெரணியோ வைக்கோலோ பரப்புக என்னும் விட்ருவியஸ் விதியை முன்னோடியாகக் காட்டுவோர் உளர். மூலம் இதற்கு இடந்தரவில்லை; சுண்ணாம்பு மரத்தைக் கெடுக்காதிருக்கவே அது விதிக்கப்பட்டது. அசைவைப் பிரிக்கும் எண்ணத்தைத் தேடுவோர் பெரணியை விடுத்து, இடைச்சுவரின்மேல் அவர் விட்ட இடைவெளியையே காண வேண்டும். வெப்ப அறையும் வெப்பமில்லா அறையும் சந்திக்கும் வாயிற்படிகளில் தள அடுக்குகளின் தடிப்பையும் வெடிப்பின் போக்கையும் ஒருங்கே அளந்தால், அவ்வெண்ணம் ஹைப்போகாஸ்ட் தளங்களிலும் செயற்பட்டதா என்பதைச் சோதிக்க இயலும்.