சூலியா தெருவும் நம் தோட்டமும்

பட்டணம் தானாக வளர்ந்தது, தோட்டத்து மக்களாகிய நாம் ஓரத்தில் நின்றுவிட்டோம் என்று நம்மில் பலர் பேசிக்கொள்கிறோம். அது சரிதானா? பினாங்கிலுள்ள ஒரே ஒரு தெருவை வைத்துப் பார்ப்போம். அதுதான் சூலியா தெரு.

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் பட்டணத்தை அமைத்தார். அப்போது போடப்பட்ட முதல் தெருக்களுள் இதுவும் ஒன்று. தொடக்கத்தில் இதன் பெயர் மலபார் தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைச் சூலியாக்கள் என்று அழைத்ததால், பின்னர் சூலியா தெரு ஆயிற்று. அவர்கள் துணி விற்றார்கள், கடை வைத்தார்கள், கப்பலுக்கும் கரைக்கும் இடையே தொங்கான்களில் சரக்கு ஏற்றி இறக்கினார்கள். அவர்கள் எழுப்பிய நாகூர் தர்கா இன்றும் அத்தெருவில் நிற்கிறது.

கடையும் கப்பலும் இருந்தால் மட்டும் பட்டணம் பிழைத்துவிடுமா? சோற்றுக்கு அரிசி வேண்டும். அது எதிர்க்கரையிலிருந்த கெடாவிலிருந்து வந்தது. துறைமுகத்தைக் காக்கவும் உணவுக்கு வழி செய்யவும் 1800இல் ஆங்கிலேயர் எதிர்க்கரையிலும் நிலம் பெற்றனர். அதுவே இன்றைய செபராங் பிறை.

அந்த நிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. நம் முன்னோர் பலர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கினார்கள். 1910இல் ஒப்பந்த முறை நிறுத்தப்பட்டது. கங்காணி வழியாக ஆள் வருவது தொடர்ந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது.

இனி அந்த ரப்பர் போன வழியைப் பாருங்கள். காலையில் வெட்டிய பால் உறைந்து, ஷீட்டாகிப் புகைவீட்டில் காய்ந்தது. பிறகு ரயிலேறிப் பிறைக்குப் போனது. அங்கிருந்து நீரைக் கடந்து கப்பலுக்குச் சென்றது. பேராக்கின் ஈயமும் பினாங்குக்கு வந்து உருக்கப்பட்டது. திரும்பி வந்த வழியில் துணியும் மளிகையும் தோட்டத்துக் கடைகளுக்கு வந்தன. சம்பள நாளில் நாம் கொடுத்த வெள்ளி, கடைக்காரர் கைமாறிப் பட்டணத்து மொத்த வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தது.

ஆகவே ஒரு பக்கம் நலிந்தால் மறுபக்கமும் நலியும். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தது. மலாயாவிலிருந்து ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வாங்க ஆளில்லாத ஊரில் கடைக்கு ஏது வியாபாரம்?

பட்டணத்துக்கும் அடி விழுந்தது. 1969இல் பினாங்கு தன் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் கூடியது. 1972இல் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை வந்தது. அதற்கும் ஆள் வேண்டுமே! கம்பத்துப் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். 1985இல் பாலம் திறந்தபோது இரு கரைகளும் சாலையால் இணைந்தன.

இந்த இணைப்பில் நமக்கு நன்மை உண்டு. ஆபத்தும் உண்டு. பட்டணம் விரியும்போது தோட்டங்கள் விற்கப்படுகின்றன. பால்மரம் நின்ற இடத்தில் வீடமைப்பும் ஆலையும் எழுகின்றன. தோட்டத் தொழிலாளிக்கோ வேலை போனால் குடியிருந்த வீடும் போய்விடுகிறது. மாற்று வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, கைத்தொழிற் பயிற்சி ஆகியவற்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்தப் பட்டணத்தின் வளத்தில் நம் மூன்று தலைமுறையின் உழைப்பும் கலந்திருக்கிறதல்லவா?

ஜார்ஜ் டவுன் 2008 முதல் உலகப் பாரம்பரிய நகரமாக விளங்குகிறது. விடுமுறையில் பிள்ளைகளைச் சூலியா தெருவுக்கு அழைத்துப் போகும் பெற்றோர்களே, கடைகளைக் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். கடற்கரைக்கு நடந்துபோய் எதிர்க்கரையையும் காட்டுங்கள். தாத்தா பாட்டி வெட்டிய பால் எந்த வழியாக இங்கே வந்தது என்பதைச் சொல்லிக்கொடுங்கள்.