ஆக்சிஜன்: பெயரில் புளிப்பு, பேட்டரியில் காரம்

ஆக்சிஜனுக்குப் பெயர் வைத்தவர் பிரான்சின் லவாய்சியர். கிரேக்கத்தில் 'ஆக்சுஸ்' என்றால் கூர்மை, புளிப்பு. பின்பாதி பிறப்பிப்பதைக் குறிக்கும். கந்தகமும் பாஸ்பரஸும் எரிந்து நீரில் கரைந்தால் அமிலமாவதைக் கண்டு, அமிலம் எல்லாவற்றுக்கும் இந்த வாயுவே மூலம் என்று 1777 வாக்கில் முடிவுகட்டினார்.

அந்த முடிவைக் குளோரின் கவிழ்த்தது. அது ஒரு தனிமம் என்று 1810-இல் வேதியியலாளர் டேவி நிறுவினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. மேட்டூர்க்காரர்களுக்குக் குளோரின் அந்நியமல்ல. 1934-இல் அணை முடிந்து, 1936-இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கியது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு முனையில் குளோரின் வரும், மறுமுனையில் ஹைட்ரஜனோடு காஸ்டிக் சோடா கிடைக்கும்.

கொள்கை போயும் பெயர் போகவில்லை. ஜெர்மானியர் 'புளிப்புப் பொருள்' என்றே சொல்கிறார்கள், வங்காளத்தில் 'அம்லஜான்'. ஈழத்துப் பாடநூல்கள் 'ஒட்சிசன்' என்று ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டன. பிராணவாயு, உயிர்வளி என்ற பெயர்கள் மூச்சைப் பார்த்து வைத்தவை. அவையே பொருத்தம் என்பேன்.

பழைய பெயர் எவ்வளவு பொருந்தாது என்பதற்கு, காது மிஷினுக்குப் போடும் பட்டன் பேட்டரியைப் பாருங்கள். ஒட்டுத்தாளை உரித்தால் ஊசிமுனைத் துளை தெரியும். அதன் வழியே காற்று புகும். உள்ளே துத்தநாகத் தூளும் காரக் கரைசலும். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு, இரண்டு நீர் மூலக்கூறு, நான்கு எலக்ட்ரான் சேர்ந்து நான்கு ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பெயர் வாங்கியது இங்கே பெறுவது காரத்தை!

இந்தப் பேட்டரியைத் திரும்ப சார்ஜ் செய்ய வேண்டுமானால், அதே அயனிகள் ஆக்சிஜனை விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தப் போக்கு, வரவு இரண்டையும் ஒரே பொருள் நடத்தினால் அது இருசெயல் வினையூக்கி. முதல் வேலைக்குப் பிளாட்டினம் கெட்டி; இரண்டாவதற்கு இரிடியம், ருத்தேனியம் ஆக்சைடுகள். விலை கட்டுப்படியாகாது. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் போன்ற இடங்களில் கோபால்ட், நிக்கல், இரும்பு, மாங்கனீசு முதலியவற்றைக் கொண்டு ஊக்கிகளைத் தேடுகிறார்கள்.

சிக்கல் இரண்டு. பேட்டரி மின்சாரம் தரும்போது சுமார் 1.2 வோல்ட், சார்ஜ் ஏற்ற சுமார் 2 வோல்ட். இடைவெளி அத்தனையும் வெப்பமாக வீணாகிறது. அதோடு, ஊக்கியைத் தாங்கும் கரியையே சார்ஜ் ஏறும்போது ஆக்சிஜன் அரித்துவிடுகிறது. அதனால் கரியே இல்லாமல், நிக்கல் நுரைவலை மீது நேரடியாக ஆக்சைடை வளர்த்துப் பார்க்கிறார்கள்.