பழைய மகிழுந்துகளுக்கான மின்கலம்

பழைய மகிழுந்துகளுக்கான மின்கலம் (பேச்சு வழக்கில் கார் பேட்டரி) என்பது, நாள்தோறும் ஓட்டப்படாமல் பேணி வைக்கப்படும் பழைய மகிழுந்துகளில் இயந்திரத்தைத் துவக்குவதற்கும், தீப்பொறி, விளக்கு, ஒலிப்பான் ஆகியவற்றுக்கு மின்சாரம் வழங்குவதற்கும் பொருத்தப்படும் ஈய-அமில மின்கலம் ஆகும். இவ்வண்டிகளில் மின்கலம் உழைத்துத் தேய்வதைவிடச் சும்மா கிடந்தே விரைவில் கெடுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் நிலவும் வெப்பமும் கடற்காற்றும் இக்கேட்டை மேலும் விரைவுபடுத்துகின்றன. எனவே இங்கு மாற்று மின்கலம் தேர்வு செய்வோர் குளிர் நாடுகளில் எழுதப்பட்ட பரிந்துரைகளை அப்படியே பின்பற்றுதல் பொருந்தாது.

பின்னணி

மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய-அமில மின்கலத்தை 1859 ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளான்டே உருவாக்கினார். 1912 இல் காடிலாக் மகிழுந்தில் மின் துவக்கி (செல்ஃப் ஸ்டார்ட்டர்) அறிமுகமான பின்னரே மின்கலம் மகிழுந்தின் இன்றியமையாத உறுப்பாயிற்று. அதற்கு முன்னர் கைப்பிடியைச் சுழற்றியே இயந்திரம் துவக்கப்பட்டது. பழைய அம்பாசிடர் வண்டிகளிலும் இக்கைப்பிடி இருந்தது. ஆயினும் மின்கலம் முற்றிலும் இறங்கிவிட்டால் தீப்பொறிச் சுருளுக்கு (காயில்) மின்சாரம் கிடைக்காது என்பதால், கைப்பிடியும் பயன் தராது.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 2014 வரை தயாரித்த அம்பாசிடர், மும்பையில் தயாரான பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை தமிழகத்தில் பேணப்படும் பழைய மகிழுந்துகளுள் குறிப்பிடத்தக்கவை. 1983 இல் வெளிவந்த மாருதி 800 வண்டியும் இப்போது இவ்வரிசையில் சேர்ந்துவிட்டது. நாகர்கோவில் (த.நா. 74), மார்த்தாண்டம் (த.நா. 75) பதிவெண் கொண்ட இத்தகைய வண்டிகள் சில, உரிமையாளர் வளைகுடா நாடுகளில் பணிபுரிவதால் தறவாட்டு வீட்டின் கொட்டகையில் மாதக்கணக்கில் நின்று, விடுமுறையிலோ திருமணத்திலோ மட்டும் வெளியே வருகின்றன. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டையும் பெறும் மாவட்டம் என்பதால், துருவுக்கு அஞ்சி வண்டியை வெளியே எடுக்காத மாதங்களும் இங்கு அதிகம்.

2021 சூலையில் நடுவண் மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும் மூல வடிவில் பேணப்படுவதுமான வண்டிகளுக்குத் தனிப் பதிவுமுறையை ஏற்படுத்தியது. அவ்வாறு பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அதாவது, அரிதாக ஓட்டுவது அவ்வண்டிகளுக்குச் சட்டமே விதித்த நிலை.

கெடுவதற்கான காரணங்கள்

12 வோல்ட்டு மின்கலம் என்பது ஆறு கலங்கள் தொடராக இணைக்கப்பட்ட அடுக்காகும். மின்னிறக்கத்தின்போது இரு வகைத் தகடுகளின் மீதும் ஈய சல்பேட்டு படிகிறது. மின்னேற்றும்போது அது கரைந்து மறைகிறது. மின்னேற்றமின்றி வாரக்கணக்கில் விடப்பட்டால் நுண்ணிய சல்பேட்டுப் படிகங்கள் பெரிதாகிக் கெட்டிப்படுகின்றன. இது சல்பேட்டேற்றம் எனப்படும். முற்றிய சல்பேட்டேற்றத்தை எந்த மின்னேற்றியாலும் முழுமையாகக் குணப்படுத்த இயலாது. ‘பழைய பேட்டரியைப் புதிதாக்கும்’ பொடிகளையும் கருவிகளையும் பற்றிய விளம்பரங்களை இதனை மனத்திற்கொண்டே படித்தல் வேண்டும்.

எதனோடும் இணைக்கப்படாத மின்கலமும் தானாகவே மின்னிழக்கிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயரும்போது இத்தன்னிறக்கம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. தகரக் கூரையிட்ட கொட்டகையில் நண்பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டுவது இயல்பு. 25 பாகையில் மாதத்திற்கு 8 விழுக்காடு இழக்கும் மின்கலம் அங்கு மூன்றே மாதத்தில் பாதிக்கு அருகில் இறங்கிவிடக்கூடும். அசையாமல் நிற்கும் திரவ மின்கலத்தில் அடர்ந்த அமிலம் அடியில் தங்கித் தகட்டின் கீழ்ப்பகுதியை அரிப்பதும் உண்டு.

குளச்சல், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றினால் முனைகளில் பச்சை, வெள்ளைப் பூஞ்சை போன்ற அரிப்புப்படிவு விரைவில் தோன்றுகிறது. இது மின்கலத்தின் குறையன்று. வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு கழுவி, உலர்த்தி, பெட்ரோலியக் களிம்பு தடவினால் போதும். கழுவும் நீர் கலங்களுக்குள் புகாதவாறு மூடிகள் இறுக்கமாக இருத்தல் வேண்டும். துவக்கி மெதுவாகச் சுழல்வதைக் கண்டு புதிய மின்கலம் வாங்கியவர்களுள் எத்தனை பேருக்கு இவ்வொரு கழுவலே போதுமாயிருந்திருக்கும் என்பது சிந்திக்கத்தக்கது.

வகைகளும் பொருத்தமும்

தகட்டுச் சட்டத்தின் ஈயத்துடன் சேர்க்கப்படும் உலோகத்தைப் பொறுத்தே தன்னிறக்கம் பெரிதும் அமைகிறது. ஆன்டிமனி மிகுதியாகச் சேர்த்த பழைய வகை விரைவில் மின்னிழக்கும். நீரையும் மிகுதியாக இழக்கும். கால்சியம் சேர்த்த வகை இவ்விரண்டிலும் சிறந்தது. ‘பராமரிப்பு தேவையற்றது’ என விற்கப்படும் மூடிய மின்கலங்கள் பெரும்பாலும் இவ்வகையின. ஆன்டிமனி குறைத்த வகை இடைப்பட்டது. இதில் மூடியைத் திறந்து காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றலாம்.

இவற்றுள் எது நல்லது என்பதை வண்டியின் மின்னாக்கியே முடிவு செய்கிறது. 1960களின் வண்டிகளில் நேர்மின்னாக்கியும் (டைனமோ) பொறிமுறைச் சீராக்கியும் உள்ளன. காலம் கடந்த சீராக்கி சில வேளைகளில் 15 வோல்ட்டுக்கு மேல் செலுத்திவிடும். அப்போது மூடிய மின்கலம் இழந்த நீரைத் திரும்பப் பெற வழியில்லை. திறக்கக்கூடிய மின்கலத்திலோ நீரூற்றிச் சமாளிக்கலாம். ஆகையால் சீராக்கி மாற்றப்படாத டைனமோ வண்டிக்கு, விளம்பரத்தில் சற்றுப் பின்தங்கியதாகத் தோன்றினும், திறந்து நீரூற்றும் குறை-ஆன்டிமனி வகையே ஏற்றது. மாறுமின்னாக்கி (ஆல்டர்னேட்டர்) பொருத்திய பிற்கால அம்பாசிடர், மாருதி 800 போன்றவற்றுக்குக் கால்சியம் வகை பொருந்தும்.

கண்ணாடி இழைப் பாயில் அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும் ஏ.ஜி.எம். மின்கலம் சிந்தாது, அதிர்வைத் தாங்கும், தன்னிறக்கமும் குறைவு. வோக்சுவாகன் பீட்டில் போன்று இருக்கைக்கு அடியில் மின்கலம் அமைந்த வண்டிகளுக்கு இது மிகவும் உகந்தது. விலை கூடுதல் என்பதோடு, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தையும் இயந்திர அறையின் வெப்பத்தையும் இது பொறுப்பதில்லை. எனவே, வாங்குமுன் இயந்திரத்தை ஓரளவு விரைவில் ஓடவிட்டு முனைகளுக்கிடையே அளந்து பார்த்தல் வேண்டும், 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருந்தால் அச்சமில்லை. இலித்தியம் வகை இலேசானது எனினும், சீரற்ற டைனமோவுடனும் வெப்பக் கொட்டகையுடனும் அதனை இணைப்பது கொடுக்கும் விலைக்குத் தகுதியான முடிவாகத் தோன்றவில்லை.

மின்கலப் பெட்டிகளில் முதன்மையாக அச்சிடப்படும் குளிர்த்துவக்க மின்னோட்டம் (சி.சி.ஏ.) −18 பாகை செல்சியசில் அளக்கப்படுவது. நாஞ்சில் நாட்டில் இதற்காகக் கூடுதல் பணம் செலவிடுவதில் பொருளில்லை.

அளவும் முனைகளும்

புதிய மின்கலம் பழைய தட்டில் உட்கார்ந்து, பிடிப்புச் சட்டத்தால் அசையாமல் இறுக வேண்டும். சப்பானியக் குறியீட்டில் 38B20L என்பதில் 20 என்பது தோராயமான நீளத்தைச் சென்டிமீட்டரில் தருகிறது. B அகல உயரங்களையும், இறுதி எழுத்து முனைகளின் அமைவையும் காட்டும். இறுதி எழுத்தைப் பலரும் பலவாறு பொருள்கொள்வதால், பழைய மின்கலத்தையே கடைக்குக் கொண்டு சென்று அருகில் வைத்து ஒப்பிடுவது மேலானது. B வகையின் பல மின்கலங்களில் முனைகள் மெல்லியவை. பழைய வண்டியின் கவ்வி அவற்றில் இறுகாது. தகரத் துண்டை இடையில் செருகி இறுக்கும் வழக்கம் தீப்பொறிக்கும் வண்டி தீப்பற்றுவதற்கும் இடம் தரும்.

1950, 1960களின் பிரித்தானிய வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் நேர்முனையே வண்டியின் உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. சில வண்டிகள் பின்னாளில் மாற்றப்பட்டுள்ளன, சில மாற்றப்படவில்லை. வண்டியின் வயதை மட்டும் கொண்டு ஊகிக்காமல், எந்த முனையின் கம்பி உடலில் திருகப்பட்டுள்ளது என்பதைப் பழைய மின்கலத்தை எடுக்குமுன் குறித்துக்கொள்ளல் வேண்டும். நேர்முனை எப்போதும் எதிர்முனையைவிடச் சற்றுத் தடித்தது. தலைகீழாக இணைத்தால் வானொலி பழுதாகும். மாறுமின்னாக்கி இருப்பின் அதன் இருமுனையங்கள் (டையோடு) நொடியில் எரிந்துவிடும். உடலுடன் இணையும் கம்பியை முதலில் கழற்றி இறுதியில் மாட்டுவது முறை.

வாங்குதலும் பேணலும்

கடையில் ஆறு மாதம் கிடந்த மின்கலம் வாங்கும் நாளிலேயே பாதிப் பழையது. தயாரிப்பு மாதத்தைக் கேட்டறிந்து, மின்னழுத்தம் 12.5 வோல்ட்டுக்குக் குறையாததைப் பெறுதல் நன்று. அமிலம் ஊற்றாமல் வரும் உலர்மின்னேற்ற வகை கிடைத்தால், அதனை நம் முன்னிலையில் நிரப்பி, முழுமையாக மின்னேற்றிப் பெறலாம். உத்தரவாதத்தில் ஒரு பகுதி இலவச மாற்று, எஞ்சியது விலைக்கழிவு மட்டுமே என்பதையும், மின்னேற்றாமல் விட்டுக் கெட்டதற்குப் பொதுவாக உத்தரவாதம் பொருந்தாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

வாரம் ஒருமுறை இயந்திரத்தைத் துவக்கிப் பத்து நிமிடம் நிறுத்திய நிலையில் ஓடவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. டைனமோ குறைந்த வேகத்தில் ஏறக்குறைய ஒன்றும் மின்னேற்றுவதில்லை. துவக்கியில் செலவானதுகூடத் திரும்பாது. இதைவிட, மின்னழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் சிறு மின்னேற்றியை மாதம் ஒருமுறை ஓர் இரவு இணைப்பது பெரும்பயன் தரும். நிலையாக இணைத்து வைப்பதாயின், வெப்பத்திற்கேற்ப மின்னழுத்தத்தைத் திருத்துவதும், மின்தடை நீங்கியபின் தானாகத் தொடர்வதுமான மின்னேற்றி தேவை. சில மின்னேற்றிகள் பொத்தானை மறுபடி அழுத்தும் வரை உறங்கிக் கிடக்கும். ஆளில்லா வீட்டில் அது இருந்தும் இல்லாததே. ஐப்பசி, கார்த்திகை இடிமழையின்போது செருகியைப் பிடுங்கி வைத்தல் நலம்.

ஓய்விலிருக்கும் மின்கலம் 12.6 வோல்ட்டு காட்டினால் முழுமை, 12.4 ஆகக் குறைந்ததும் மின்னேற்றல் வேண்டும், 12.2 ஏறத்தாழப் பாதி. மின்னேற்றும்போது ஐதரசன் வெளிவருவதால் கொட்டகைக் கதவு திறந்திருத்தல் வேண்டும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

பழைய மின்கலம்

2001 ஆம் ஆண்டின் விதிகளுக்கு மாற்றாக 2022 இல் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் நடைமுறைக்கு வந்தன. பழைய மின்கலத்தைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் ஈயத்தின் மதிப்புக்கு ஒரு தொகை கழிக்கப்படும். அதனை உடைத்து ஈயம் உருக்குவோரிடம் கொடுத்தால் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் அந்த ஈயப்புகையும் கொட்டப்படும் அமிலமும் அருகிலுள்ள கிணற்றையும் சிறுவர்களின் குருதியையும் சென்றடைகின்றன.