வாலில்லா குரங்கு, 14 முற்றுகை, 1.2 கி.மீ. வேலி: ஜிப்ரால்டர் பாறையின் கதை

ஸ்பெயின் நாட்டின் தென்கோடியில் கடலுக்குள் நீட்டிக்கிட்டு நிற்கிற பாறை மலைதான் ஜிப்ரால்டர். மொத்த பரப்பளவே 7 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. மக்கள் தொகை சுமார் 34 ஆயிரம். ஒட்டி இருப்பது ஸ்பெயினை. ஆள்வதோ இங்கிலாந்து. இந்த துண்டு நிலத்துக்கான தகராறு 300 வருடத்தை தாண்டியும் இழுத்துக்கொண்டே போனது.

அப்படி என்ன இருக்கிறது அங்கே?

எதிரே கடலுக்கு அந்தப்பக்கம் ஆப்பிரிக்கா. அட்லாண்டிக்கில் இருந்து மத்தியதரைக் கடலுக்குள் நுழையும் கப்பல் எல்லாம் இந்த வாசலை தாண்டித்தான் போக வேண்டும். 426 மீட்டர் உயர மலை மீது பீரங்கியை வைத்தவன் கையில்தான் வாசல் சாவி.

கி.பி. 711-ல் தாரிக் என்ற முஸ்லிம் தளபதி படையோடு இங்கே வந்து இறங்கினார். 'ஜபல் தாரிக்' (தாரிக்கின் மலை) என்பதே ஜிப்ரால்டர் ஆனது. 1462-ல் அது ஸ்பானியர் கைக்கு போனது. 1704-ல் ஆங்கிலேய, டச்சு கப்பல் படை பிடித்தது. 1713 ஒப்பந்தப்படி ஸ்பெயின் அதை இங்கிலாந்துக்கு எழுதிக் கொடுத்தது.

14 முற்றுகை

இந்த மலை மொத்தம் 14 முற்றுகைகளை கண்டது. பெரியது 1779 முதல் 1783 வரை நடந்தது. ஸ்பெயினும் பிரான்சும் சேர்ந்து 3 வருடம் 7 மாதம் வளைத்து நின்றன. உள்ளே சாப்பாட்டுக்கு திண்டாட்டம். காய், பழம் இல்லாமல் ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வீரர்களை வாட்டியது.

1782 செப்டம்பர் 13-ந் தேதி 10 மிதக்கும் பீரங்கி மேடைகள் நெருங்கி வந்தன. கோட்டைக்காரர்கள் இரும்பு குண்டுகளை உலையில் பழுக்க காய்ச்சி சுட்டார்கள். பத்தும் நாசம்!

அதே வருடம் பாறையை குடைந்து சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். காலப்போக்கில் மலைக்குள்ளே சுமார் 50 கிலோமீட்டருக்கு சுரங்கப்பாதை உருவாகி விட்டது.

குரங்கு போனால் ஆட்சி போகும்!

ஐரோப்பாவிலேயே காட்டுக் குரங்கு சுதந்திரமாக திரிவது இங்கே மட்டும்தான். வடஆப்பிரிக்க இனம். வால் கிடையாது. 200-க்கும் மேல் இருக்கின்றன. குரங்கு மறைந்தால் ஆங்கிலேயர் ஆட்சியும் போய்விடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. உலகப்போரின்போது குரங்குகள் எண்ணிக்கை சரிந்தது. பிரதமர் சர்ச்சில், ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்து வந்து விடச் சொன்னார். பல காலம் ராணுவமே அவற்றுக்கு தீனி போட்டு கணக்கு வைத்தது.

இப்போது சுற்றுலா பயணிகள் தீனி கொடுத்தால் அபராதம். 2014-ல் தொல்லை தாங்காமல் சுமார் 30 குரங்குகளை ஸ்காட்லாந்து பூங்காவுக்கு அனுப்பினார்கள்.

பூட்டிய கேட்

ஊரை மட்டுமே கொடுத்தோம், விமான நிலையம் உள்ள தரைப்பகுதியை கொடுக்கவில்லை என்பது ஸ்பெயினின் வாதம். 1909-ல் அங்கே ஆங்கிலேயர் வேலி போட்டார்கள். 1967-ல் ஓட்டெடுப்பு நடந்தது. இங்கிலாந்து பக்கம் 12 ஆயிரத்து 138 ஓட்டு. ஸ்பெயின் பக்கம் வெறும் 44.

கோபத்தில் 1969-ல் ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோ எல்லையை இழுத்து மூடினார். தினமும் உள்ளே போய் வேலை பார்த்த ஆயிரக்கணக்கான ஸ்பானிய தொழிலாளர்கள் ஒரே நாளில் பிழைப்பை இழந்தனர். அக்கா ஒரு பக்கம், தம்பி மறுபக்கம். குழந்தை பிறந்த செய்தியைக்கூட வேலிக்கு இந்தப்பக்கம் நின்று கத்தித்தான் சொல்ல வேண்டிய நிலை. 1982-ல் நடந்து போக மட்டும் வழி விட்டார்கள். 1985-ல்தான் கேட் முழுசாக திறந்தது.

2016-ல் ஐரோப்பிய யூனியனை விட்டு இங்கிலாந்து விலக ஓட்டு போட்டது. ஜிப்ரால்டரில் 96 சதவீதம் பேர் விலகக்கூடாது என்றார்கள். மறுபடி கேட் மூடுமோ என்று பயம். 2025 ஜூனில், எல்லையில் ஆட்களை நிறுத்தி சோதிப்பதை கைவிட உடன்பாடு ஏற்பட்டது.

தினமும் சுமார் 15 ஆயிரம் பேர் இந்த எல்லையை தாண்டி வேலைக்கு போகிறார்கள். மலை யாருக்கு சொந்தம் என்பது அரசாங்கங்களின் தகராறு. கேட் திறந்திருந்தால்தான் இவர்கள் வீட்டு அடுப்பு எரியும்.