பாடம் எழுதும் கருவி யார் கையில்?

விழுப்புரம் வட்டாரத்தில் பிரம்மதேசத்திற்கு அருகே எண்ணாயிரம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஒரு கல்லூரியின் கணக்கைக் கூறுகிறது. மாணவர்கள் 340 பேர். ஆசிரியர்கள் 14 பேர். இச்செலவுக்கென விடப்பட்ட நிலம் 45 வேலி. இளைய மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். அக்காலக் கல்வி வாய்மொழிக் கல்வி. மாணவர் சொல்வார், பிழை நேர்ந்தால் ஆசிரியர் அங்கேயே திருத்துவார். ஆனால் அது வேதக் கல்லூரி. எல்லோரும் நுழையக்கூடிய இடமன்று.

கேட்டுத் திருத்தும் இந்த வேலையைப் பொறியிடம் ஒப்படைக்க முடியுமா? 1960இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் இதை முயன்றார். அவரது 'பிளேட்டோ' கணிப்பொறி வினா கேட்டது, விடையைச் சரிபார்த்தது. 1967இல் பால் டென்சார் உருவாக்கிய 'டியூட்டர்' என்னும் மொழியால், ஆசிரியர்களே பாடம் எழுத வழி பிறந்தது. எனினும் அந்தப் பாடங்கள் விலையுயர்ந்த பெருங்கணிப்பொறியை விட்டு வெளியே வர இயலவில்லை.

1990களில் வலைத்தளங்களைக் காட்டும் உலாவி பரவியதும் அத்தடை நீங்கியது. கனடாவில் பிறந்த 'வெப்சிடி' என்னும் மென்பொருளைக் கொண்டு உலாவியிலேயே பாடம் அமைக்க முடிந்தது. ஆனால் அதற்குக் கட்டணம் இருந்தது. அதன் நிரலை மற்றவர் பார்க்கவோ திருத்தவோ இயலவில்லை. 2006இல் அது போட்டி நிறுவனமான 'பிளாக்போர்டு' வசம் சென்றது.

ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடியை நிர்வகித்துவந்த மார்ட்டின் டூகியாமாஸ் வேறு வழி கண்டார். அவர் 2002இல் வெளியிட்ட 'மூடில்' மென்பொருளின் நிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்கும் வழங்கலாம். இதுவே திறமூல முறை எனப்படும். 2013இல் நார்வேயிலிருந்து வந்த 'எச்5பி'யும் இவ்வகையே. ஓடும் படத்தை இடையில் நிறுத்தி வினா கேட்கும் பாடங்களை அதில் அமைக்கலாம்.

இக்கருவிகள் இயங்கும் விதம் எளியது. 1/2 + 1/3 எவ்வளவு என்பது வினா எனக் கொள்வோம். மாணவர் 2/5 என்று விடையளித்தால், அவர் தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டிவிட்டார் என்பது தெளிவு. இவ்விடைக்கு எந்த விளக்கப் பக்கம் வர வேண்டும் என்று ஆசிரியர் முன்பே குறித்துவைக்கிறார். கருவி அங்கே அழைத்துச் செல்கிறது. மாணவர் எங்கே தவறுவார் என்பதை அறிந்தவர் வகுப்பாசிரியரே. ஆகவேதான் கருவி அவர் கையில் இருக்க வேண்டும்.

இந்தியாவில் 2017இல் தொடங்கப்பட்ட 'தீக்ஷா' தளமும் 'சன்பேர்டு' என்னும் திறமூல மென்பொருளின்மீது எழுந்ததே. 2018இல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில், இத்தகைய இணையப் பாடங்களுக்கு இட்டுச்செல்லும் கட்டக் குறியீடுகள் அச்சாயின.

ஆயினும் நிரல் திறந்திருப்பதாலேயே பாடம் எல்லோரையும் சென்றடைந்துவிடாது. கைப்பேசியும் இணைப்பும் இல்லாத பிள்ளைக்கு அது பூட்டிய கதவுதான். பாடங்களைத் தாங்கும் கணிப்பொறிக்கும் அதைப் பேணுவோருக்கும் ஆண்டுதோறும் செலவு உண்டு. எண்ணாயிரத்தில் அச்செலவுக்கு 45 வேலி நிலம் இருந்தது. ஆனால் கல்வி சிலருக்கே கிட்டியது. இன்றைய கருவி எவருக்கும் கிட்டும். அதற்குரிய 45 வேலியை ஏற்பாடு செய்வதுதான் நம் காலத்தின் பணி.